வெளிநாட்டு அக்கூஸ்டிக் கிட்டார்: வாங்குவதும் ரிப்பேர் பார்ப்பதும் – கொங்குப் பக்கத்துக் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், பொள்ளாச்சிப் பக்கமிருந்து கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார் பற்றி மட்டும்தான். நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டாரின் கணக்கு வேறு. அதில் ஸ்டீல் கம்பியை மாட்டினால் பிரிட்ஜ் (உடலின்மேல் கம்பிகளை மாட்டும் கட்டை) கையோடு வந்துவிடும்.

அண்ணா, முதல் கிட்டாரே இம்போர்ட்டடா இருக்கணுமுங்களா?

வேண்டியதில்லை. இம்போர்ட்டட் என்ற சொல்லுக்கு முன்பிருந்த மவுசு இப்போது இல்லை. யமஹாவே சென்னைக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வைத்து கிட்டார் செய்கிறது. மார்ட்டினின் எக்ஸ் வரிசை மெக்சிகோவில் நவோஹோவா என்ற ஊரில் தயாராகிறது. டெய்லரின் விலை குறைந்த வரிசைகள் அதே நாட்டில் தெக்காத்தேயில் தயாராகின்றன. அமெரிக்கப் பெயர் எழுதியிருந்தால் அமெரிக்காவில் செய்தது என்று அர்த்தமில்லை. வேறு நாட்டில் செய்ததாலேயே மட்டம் என்றும் இல்லை.

நான் கேட்கும் கேள்வி வேறு. இதில் ஒரு கோளாறு வந்தால் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் யாராவது சரி செய்வார்களா? ஆம் என்றால் வாங்குங்கள். பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை செட்டப்புக்கு (கம்பி உயரமும் கழுத்து வளைவும் சரி செய்யும் வேலைக்கு) ஒதுக்கி வைத்துவிட்டு, மீதிக்குள் கிட்டார் தேடுங்கள். பணம் முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிட்டு, கம்பி மேலே நிற்பதால் விரல் வலிக்கிறது என்று மூலையில் சாத்தி வைத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய உண்டு.

சாலிட் டாப், லேமினேட் என்கிறார்களே, எது நல்லது?

டாப் என்பது கம்பிக்கு அடியில் இருக்கும் முகப்புப் பலகை. சத்தம் பெரும்பாலும் அங்கேயிருந்துதான் வருகிறது. அது ஒரே மரத்தில் அறுத்த பலகையாக இருந்தால் சாலிட், பிளைவுட் மாதிரி அடுக்கி ஒட்டியதாக இருந்தால் லேமினேட். யமஹா எஃப்310 லேமினேட் டாப். எஃப்ஜி800 சாலிட் ஸ்ப்ரூஸ் (ஒரு ஊசியிலை மரம்) டாப். இரண்டையும் ஒரே கடையில் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒலித்துளையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பில் அப்படியே கீழே இறங்கினால் சாலிட். விளிம்பில் குறுக்கே அடுக்கு தெரிந்தால் லேமினேட். விளிம்புக்குப் பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் சந்தேகப்படலாம்.

நம்ம ஊர்க் காற்றுக்கு என் சிபாரிசு: டாப் சாலிட், பேக்கும் சைடும் லேமினேட். முழுக்க சாலிட் மரத்தில் செய்த கிட்டார் அருமையாகத்தான் ஒலிக்கும். ஆனால் மாசி, பங்குனி வறட்சியில் அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கல்லூரி ஹாஸ்டலில், ஃபேனுக்குக் கீழே, கேஸ் இல்லாமல் கிடக்கப் போகும் கிட்டாருக்கு அது சரிப்படாது. அப்படிப்பட்ட இடத்துக்கு மார்ட்டின் எக்ஸ் வரிசை மாதிரி, பேக்கும் சைடும் ஹெச்பிஎல் என்ற அழுத்தத் தகட்டில் செய்தவை பொருத்தம். மரப்பிரியர்கள் முகம் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும்.

கடையில் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் கழுத்து. கிட்டாரின் தலைப்பக்கத்தைக் கண்ணருகே பிடித்து, கழுத்தின்மேல் விரல் வைக்கும் பலகையான ஃபிரெட்போர்டின் ஓரத்தை ஒட்டி உடல் வரை பாருங்கள். லேசாக உள்வாங்கிய வளைவு இருக்கலாம். கயிற்றுக் கட்டிலைப் போல ஒரு பக்கம் முறுக்கியிருந்தால் கையில் எடுக்காதீர்கள். அந்த முறுக்கை டிரஸ் ராடால் (கழுத்துக்குள் ஓடும், திருகி வளைவைச் சரி செய்யும் இரும்புக் கம்பி) சரி செய்ய முடியாது.

அடுத்து சேடில். பிரிட்ஜுக்கு மேலே வெள்ளையாக நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை அது. புதுக் கிட்டாரில் அது குறைந்தது 3 மில்லிமீட்டராவது வெளியே தெரிய வேண்டும். ஏற்கெனவே தேய்த்துத் தேய்த்து மொட்டையாகிவிட்டது, அப்போதும் கம்பி உயரமாக நிற்கிறது என்றால் கழுத்தின் கோணமே தப்பு. அதைச் சரி செய்யும் செலவில் இன்னொரு கிட்டார் வாங்கிவிடலாம்.

அப்புறம் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் (ஃபிரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தித் தட்டிப் பாருங்கள். கர்ர் என்று எங்கே அடிக்கிறது என்று கவனியுங்கள். உள்ளங்கையை ஃபிரெட்போர்டின் ஓரத்தில் ஓட்டுங்கள். ஃபிரெட் நுனிகள் ரம்பம் மாதிரி குத்தினால் மரம் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஏசி ஷோரூமில் மாதக்கணக்கில் தொங்கியவற்றில் இது சாதாரணம். அதைக் காட்டி விலை பேசலாம்.

பில் கட்டாயம் வாங்குங்கள். வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

பாதி விலைக்கு மார்ட்டின் தருகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமுங்களா?

போலி நிறைய. சில அடையாளங்கள் சொல்கிறேன்.

மார்ட்டின் 1985 முதல்தான் திருகிச் சரிசெய்யக்கூடிய டிரஸ் ராடு வைக்கிறது. அதைத் திருகுவது ஒலித்துளை வழியாகத்தான். தலைப்பக்கத்தில் சின்ன மூடி போட்டு டிரஸ் ராடு வைத்த ஒரு மார்ட்டினை யாராவது நீட்டினால் மேலே பேச வேண்டியதில்லை. அசலில் மாடலும் சீரியல் எண்ணும் உள்ளே கழுத்துக் கட்டையில் முத்திரையாக இருக்கும். போன் கேமராவை ஒலித்துளைக்குள் விட்டால் படமே எடுத்துவிடலாம். அந்த எண்ணை வைத்து எந்த ஆண்டில் செய்தது என்று மார்ட்டின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அசல் கிப்சனின் (இதுவும் அமெரிக்க பிராண்டுதான்) தலையிலுள்ள மணி வடிவ டிரஸ் ராடு மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ. போலிகளில் அடிக்கடி மூன்று இருக்கும்.

போலி என்று தெரிந்தபிறகும், நல்லா ஒலிக்குதே என்று வாங்குபவர்கள் உண்டு. ஒலிக்கலாம். ஆனால் மறுபடி விற்கும்போது நீங்களும் அதே பொய்யைச் சொல்ல வேண்டிவரும்.

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வருகிறார். கொண்டுவரச் சொல்லலாமா?

சொல்லலாம். கோவை விமான நிலையத்துக்கு சிங்கப்பூரிலிருந்தும் ஷார்ஜாவிலிருந்தும் நேராக விமானம் இருப்பதால் நம்ம பக்கம் பலரும் இப்படித்தான் வாங்குகிறார்கள். விலையோடு மூன்றைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்: விமானக் கம்பெனி பெரிய சாமானுக்கு வாங்கும் கட்டணம், ஹார்ட் கேஸின் விலை, சுங்கம்.

பயணி கையோடு கொண்டுவரும் சாமானுக்கு வரியில்லாத வரம்பு ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டு விதிகளில் பெரும்பாலான நாடுகளிலிருந்து வரும் இந்தியர்களுக்கு அது 50,000 ரூபாயாக இருந்தது. இந்தத் தொகையை அரசு மாற்றுவது உண்டு என்பதால் கிளம்புவதற்கு முன்னால் சுங்கத்துறை தளத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். வாங்கிய ரசீது சித்தப்பா கையில் இருக்கட்டும். ரசீது இல்லாவிட்டால் அதிகாரி போடும் மதிப்புதான் விலை.

கூரியரில் வரவழைத்தால் வேறு கணக்கு. கிட்டார் விலை, அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி அதன்மேல் சுங்கவரி. அந்த வரியின்மேல் சமூக நல கூடுதல் வரி. எல்லாம் சேர்ந்த தொகையின்மேல் ஜிஎஸ்டி. சலுகை விலை என்று தளத்தில் பார்த்தது வீட்டு வாசலுக்கு வரும்போது சென்னைக் கடை விலையைத் தாண்டியிருக்கும். இங்கே கடையில் கிடைக்கும் மாடலை கூரியரில் இறக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

கட்டும்போது கம்பிகளை ஒன்றிரண்டு சுரம் இறக்கச் சொல்லுங்கள். கேஸுக்குள் தலைக்கு அடியிலும் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும். கேஸ் கீழே விழும்போது உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் தலை மட்டும் முறிவது வழக்கமான விபத்து. வீட்டுக்கு வந்ததும் ஆசையில் உடனே திறக்காதீர்கள். விமானத்தின் குளிரிலிருந்து நம்ம வெயிலுக்கு வந்த பொருள். சில மணி நேரம் மூடியபடியே கிடக்கட்டும்.

பேக், சைடு இந்திய ரோஸ்வுட் என்று போட்டிருக்கிறதே, அது நம்ம மரமா?

நம்ம மரம்தான். தோதகத்தி, ஈட்டி என்று நாம் சொல்வது. நீலகிரி, ஆனைமலை, வயநாடு என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கடினமானபோது, 1969 வாக்கில் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. பொள்ளாச்சியிலிருந்து அண்ணாந்தால் தெரியும் மலையின் மரம் கடல் தாண்டிப் போய், கிட்டாராகி, வரி கட்டித் திரும்ப வருகிறது.

சட்டப் பக்கம்: 2017 ஜனவரியில் இந்த மர இனம் முழுவதும் சைட்டஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அதனால் இந்திய ரோஸ்வுட் கிட்டாரோடு பயணம் போக இப்போது பயம் வேண்டாம். பிரேசில் ரோஸ்வுட் போட்ட பழைய கிட்டாருக்கு இந்த விலக்கு கிடையாது. அதை நாடு தாண்டி எடுத்துப் போக அனுமதிச் சீட்டு வேண்டும்.

மழைக்காலத்தில் கம்பி உயர்கிறது, கோடையில் கர்கர் என்கிறது. கிட்டார் கெட்டுப்போச்சுங்களா?

கெடவில்லை. மரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிறது, விடுகிறது. கிட்டார் செய்பவர்கள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருக்கும் அறையில் வைத்துச் செய்கிறார்கள். நம்ம ஊர் அந்த அளவில் நிலையாக நிற்பதே இல்லை. மார்ச் மாத மதியத்தில் கோவையிலேயே 30 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். ஐப்பசி மழையில் நேர்மாறு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பொள்ளாச்சியில் கொஞ்சம் ஈரத்தோடு இருக்கும். அதே காற்று காற்றாலைகள் சுற்றும் பல்லடம், தாராபுரம் தாண்டி கரூர் போவதற்குள் காய்ந்துவிடும். ஆகவே பொள்ளாச்சிக்காரர் சொல்லும் வைத்தியம் கரூர்க்காரருக்குப் பொருந்தாது.

ஈரம் ஏறினால் டாப் உப்பும், பிரிட்ஜ் மேலே எழும், கம்பியும் உயரும். காய்ந்தால் டாப் உள்ளே இறங்கும், கம்பி ஃபிரெட்டில் உரசும். ஃபிரெட்போர்டு மரம் சுருங்கும், உலோக ஃபிரெட் சுருங்காது, அதனால் நுனிகள் வெளியே துருத்தும். இன்னும் காய்ந்தால் டாப்பில் விரிசல். உப்புவதைவிட காய்வதுதான் ஆபத்து. ஈரத்தில் உப்பியது பெரும்பாலும் தானே இறங்கிவிடும், விட்ட விரிசல் தானாகச் சேராது.

செய்ய வேண்டியது இதுதான். வாசிக்காத நேரத்தில் கிட்டார் கேஸுக்குள் இருக்கட்டும். சுவரில் மாட்டினால் பார்க்க அழகு, ஆனால் மேற்குச் சுவர் வெயிலில் காயும் வீட்டில் வேண்டாம். கேஸுக்குள் ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் காட்டும் மீட்டர்) போடுங்கள். மலிவானவை தப்பாகக் காட்டும் என்பதால் முதலில் சோதியுங்கள்: ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கூழாகும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைவாகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

வறட்சிக் காலத்தில் ஓட்டை போட்ட சோப்பு டப்பாவுக்குள் ஸ்பாஞ்சை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, கேஸின் தலைப்பக்கத்தில் வைத்தால் போதும். விலை கொடுத்து வாங்கும் ஹியூமிடிஃபையரும் இதே வேலையைத்தான் பார்க்கிறது. மழைக்காலத்தில் ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு சிலிக்கா ஜெல். படுக்கையறையில் இரவெல்லாம் ஏசி ஓடினால் மழைக்காலத்திலும் மீட்டரைப் பாருங்கள், ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும்.

காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் பசை இளகிப் பிரிட்ஜ் நகர்ந்த கிட்டார்கள் வருஷா வருஷம் வருகின்றன.

செட்டப் என்றால் என்ன? நானே செய்யலாமா?

கழுத்தின் வளைவு, நட்டின் (கழுத்தின் தலைமுனையில் கம்பிகள் உட்காரும் பட்டை) பள்ளம், சேடிலின் உயரம் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்துவதுதான் செட்டப். முதல் தடவை தெரிந்தவரிடம் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள். அப்புறம் பாதி வேலையை நீங்களே செய்யலாம். கோவைக்காரர்களுக்கு ஒரு வசதி: ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேலும் எந்த டூல்ஸ் கடையிலும் கிடைக்கும்.

முதலில் கழுத்து வளைவு. கம்பி சரியான சுரத்தில் இருக்க வேண்டும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, ஆறாவது கம்பியை (தடித்தது) கழுத்து உடலோடு சேரும் 14ஆவது ஃபிரெட்டில் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது ஃபிரெட் அருகே, கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் இருந்தால் சரி. அதிகம் இருந்தால் டிரஸ் ராடை வலப்பக்கம் கால் சுற்று. ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகிவிட்டு சுரம் சேர்த்து, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பாருங்கள். இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள். உள்ளே ராடு முறிந்தால் பெரிய வேலை.

அடுத்து ஆக்‌ஷன், அதாவது கம்பி உயரம். 12ஆவது ஃபிரெட்டில் ஆறாவது கம்பிக்கு 2.4, முதல் கம்பிக்கு 1.8 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் பெரும்பாலோருக்குச் சுகம். குறைக்க வேண்டுமானால் சேடிலின் அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். 12ஆவது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர் குறைய சேடிலில் ஒரு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நேராகப் பிடித்துத் தேயுங்கள். பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, கோட்டுக்கு முன்னாலேயே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் சேடிலாக இருந்தால் அதை எடுத்து வைத்துவிட்டு எலும்பில் புதிதாகச் செய்து போடலாம். சின்னச் செலவில் சத்தம் தெளிவது இங்கேதான்.

நட் வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள். அதற்கு ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி அரம் வேண்டும்.

ஆக்‌ஷனைக் குறைக்க டிரஸ் ராடைத் திருகச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. டிரஸ் ராடு வளைவுக்கு, சேடில் உயரத்துக்கு. இரண்டையும் குழப்பாதீர்கள்.

பிரிட்ஜ் பின்பக்கம் லேசாகத் தூக்கியிருக்கிறது. அப்படியே வாசிக்கலாமா?

ஒரு தாள் துண்டைப் பின்பக்கம் செருகிப் பாருங்கள். நுழையவில்லை என்றால் கவனித்து வாருங்கள். உள்ளே போகிறது என்றால் இன்றைக்கே கம்பியைத் தளர்த்துங்கள். லைட் கம்பி ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது. தூக்கிய பிரிட்ஜ் ஒரு நாள் டாப்பின் மரநாரையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

சரியான வைத்தியம், பிரிட்ஜைச் சூடு காட்டி முழுவதும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மரத்தோடு மரம் ஒட்டி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுவது. டைட்பாண்ட் மாதிரி மஞ்சள் மரப்பசை போதும். பலகை ஒட்டும் சாதாரண வெள்ளைப் பசை வேண்டாம். இழுப்பிலும் வெயிலிலும் அது மெல்ல நழுவும். ஒலித்துளை வழியாக உள்ளே போகும் நீளக் கழுத்து கிளாம்ப் கடையில் கிடைக்காவிட்டால், பீளமேடு, கணபதிப் பக்கம் பட்டறைகளில் படம் வரைந்து கொடுத்தால் செய்து தருவார்கள்.

ஃபெவிக்விக் போட்டால் நிற்காதுங்களா? எங்க ஊர் ஆசாரி நல்லா வேலை செய்வார், அவரிடம் கொடுக்கலாமா?

பிரிட்ஜுக்கும் விரிசலுக்கும் அந்த உடனடிப் பசை வேண்டாம். ஒட்டிக்கொள்ளும், ஆனால் நொறுங்கும் தன்மை உள்ளது. பாலிஷில் வழிந்தால் கறை போகாது. அடுத்து ரிப்பேர் செய்பவர் அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் வேலையையே தொடங்க முடியும். நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டால், சமையல் சோடாத் தூளும் ஒரு சொட்டு உடனடிப் பசையும் வைத்துத் தற்காலிகமாக நிரப்புவது உண்டு. அது ஒன்றுக்கு மட்டும் அனுமதி.

ஆசாரி விஷயம்: கதவு, கட்டில் செய்பவருக்குப் பலம்தான் கணக்கு. கிட்டார் டாப் 3 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. கோபிப் பக்கமிருந்து வந்த ஒரு கிட்டாரில் பிரிட்ஜை இரண்டு மரஸ்க்ரூவால் டாப்போடு சேர்த்து முறுக்கியிருந்தார்கள். பிரிட்ஜ் நின்றது, டாப் ஸ்க்ரூவிலிருந்து ஸ்க்ரூ வரை பிளந்திருந்தது. ஆனால் ஃபவுண்டரிக்கு மர பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்பவர் யாராவது தெரிந்தால் விடாதீர்கள். அரை மில்லிமீட்டர் கணக்கு அவருக்குத் தெரியும். கிட்டார் என்ன செய்கிறது என்று மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுத்தால் போதும்.

டாப்பில் விரிசல். என்ன செய்வது?

உடனே ஒட்டாதீர்கள். ஸ்பாஞ்ச் வைத்த கேஸுக்குள் ஒரு வாரம், தேவைப்பட்டால் இரண்டு வாரம் வையுங்கள். பல விரிசல்கள் அந்த ஈரத்தில் நெருங்கி வரும், ஆனால் ஒட்டிக்கொள்ளாது. நெருங்கிய பிறகு பசை விட்டு, உள்பக்கம் சின்ன மரச்சில்லுகளைக் குறுக்கே வைத்து ஒட்ட வேண்டும். நெருங்காவிட்டால் இடைவெளியில் அதே மரத்தில் சீவல் வைத்து நிரப்ப வேண்டிவரும். அது கைதேர்ந்தவர் வேலை. பாலிஷில் மட்டும் விழுந்த கோடா, மரத்திலேயே விழுந்ததா என்று உள்ளே சின்னக் கண்ணாடியும் லைட்டும் விட்டுப் பார்த்தால் தெரியும். பாலிஷ் கோடு என்றால் மறந்துவிடுங்கள்.

ஃபிரெட்போர்டு வெளுத்துக் காய்ந்து கிடக்கிறது. தேங்காயெண்ணெய் தடவலாமுங்களா?

பொள்ளாச்சிக்காரர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். வேண்டாம், நாளானால் சிக்குப் பிடித்து நாறும். கிட்டார் கடையில் கிடைக்கும் ஃபிரெட்போர்டு எண்ணெயை வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை, சில சொட்டு மட்டும், தடவி உடனே துடைத்துவிடுங்கள். அதுவும் ரோஸ்வுட், எபனி மரத்துக்கு மட்டும்.

எந்தக் கம்பி போடுவது?

புதிதாகப் பழகுபவருக்கு 10–47 எக்ஸ்ட்ரா லைட் (எண்கள் மெல்லிய, தடித்த கம்பிகளின் தடிமன்). கை தேறியபிறகு 12–53 லைட். பெரும்பாலான கிட்டார்கள் 12–53 அளவுக் கம்பியை நினைத்துச் செய்தவை. அளவு மாற்றினால் கழுத்து வளைவும் மாறும், டிரஸ் ராடை மறுபடி பாருங்கள். கை வியர்ப்பவர்கள் வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் துடைத்தால் கம்பி அதிக நாள் வரும். திருப்பூரில் அதற்குப் பஞ்சமில்லை.

மாமா வைத்திருந்த பழைய கிட்டார். கழுத்தை ரீசெட் செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?

பல வருஷ இழுப்பில் கழுத்தின் கோணம் முன்னால் சாய்ந்துவிடும். நேரான ஸ்கேலை ஃபிரெட்களின்மேல் வைத்து நீட்டினால் அது பிரிட்ஜின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். அதற்குக் கீழே இடித்தால் ரீசெட் வேண்டும். டவ்டெயில் இணைப்பு (புறாவால் வடிவில் செதுக்கி, பசை போட்டுச் செருகியது) என்றால் நீராவி விட்டுக் கழற்ற வேண்டும். டெய்லர் 1999 முதல் கொண்டுவந்த கழுத்து போல்ட் போட்டது என்பதால் வேலை எளிது. இந்த வேலைக்குப் பெரும்பாலும் பெங்களூரு, சென்னை போக வேண்டிவரும்.

லேமினேட் கிட்டாருக்கு இந்தச் செலவு தகாது. சாலிட் மரக் கிட்டார் என்றால் தகும். மாமா வாசித்தது என்பதற்காகச் செய்வதானால் கணக்குப் பார்க்க வேண்டாம், ஆனால் செய்யும் முன்பே விலையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்பேருக்கு பெங்களூருக்கு ஆம்னி பஸ் பார்சலில் அனுப்பலாமா?

ஹார்ட் கேஸ் இருந்தால் அனுப்பலாம். கம்பியைத் தளர்த்தி, கேஸை அட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டுங்கள். கட்டும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், சீரியல் எண்ணும் தெரியட்டும். மதியம் டிக்கியில் வெந்துகொண்டு போகாமல் ராத்திரி வண்டியில் போடுங்கள். பையில் மட்டும் வைத்து அனுப்புவதாக இருந்தால் நீங்களே ரயில் ஏறி மடியில் வைத்துக்கொண்டு போய்விடுங்கள்.